பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள்: கப்பலேறிப் போன தமிழரின் கொடிவழியை இணையத்தில் தேடும் முறை

வம்சாவளித் தளம் எதைத் திறந்தாலும் முதலில் இரண்டு கட்டங்கள் வந்து நிற்கும்: முதற்பெயர், குடும்பப் பெயர். தமிழர்கள் தடுக்கி விழுவது அந்த இரண்டாவது கட்டத்தில்தான். நம்மிடம் தலைமுறை தலைமுறையாக ஒட்டிவரும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகும், பேரன் காலத்தில் அது உதிர்ந்துபோகும். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், ஃபேமிலிசர்ச் ஆகிய மூன்று பெரிய தளங்களும் குடும்பப் பெயரை முதுகெலும்பாக வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றில் ‘ராமசாமி’ என்று தட்டினால் சம்பந்தமில்லாத ஆயிரம் ராமசாமிகள் வருவார்கள், அல்லது ஒருவரும் வரமாட்டார்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தத் தொழிலாளராகக் கடல் கடந்த தமிழர்களின் சந்ததியினருக்கு வேறொரு வழி இருக்கிறது. அரசாங்கமும் தோட்ட முதலாளிகளும் அந்த மனிதர்களைப் பெயரால் அடையாளம் கண்டதில்லை, எண்ணால் கண்டார்கள். மனிதரை எண்ணாக்கியது கொடுமைதான். அதே எண்தான் இன்று, 150 ஆண்டுகள் கழித்து, அவரைத் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் ஒரே பிடிமானமாக நிற்கிறது. இந்தத் தேடலில் பெயர் மிக பலவீனமான சாட்சி. எண்ணும், கப்பலும், வந்து சேர்ந்த தேதியும், தகப்பன் பெயரும் சேர்ந்து நின்றால் மட்டுமே ‘இவர்தான்’ என்று சொல்ல முடியும்.

கணினியைத் திறப்பதற்கு முன்

தேடல் வீட்டுப் பெட்டியில் தொடங்கவேண்டும். பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்களை முதலில் எடுங்கள். அடுத்து பழைய கடவுச்சீட்டு. அதில் பிறந்த ஊர் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீதையோ, ஊரிலிருந்து வந்த கடித உறையையோ யாராவது பத்திரப்படுத்தியிருந்தால் அது பொக்கிஷம். கிராமம், அஞ்சல், வட்டம், ஜில்லா என நான்கு அடுக்கு முகவரியும் ஒரே இடத்தில் கிடைக்கும் காகிதம் வேறில்லை. கல்யாணப் பத்திரிகையையும் கருமாதிப் பத்திரிகையையும் தூக்கிப் போடாதீர்கள். ‘இன்னார் பேரன், இன்னார் மகன்’ என்று மூன்று தலைமுறையை வரிசையாக அச்சடித்து வைப்பது அவைதான்.

வீட்டில் மூத்தவர்களிடம் ‘நம் பூர்வீகம் எது’ என்று பொதுவாகக் கேட்டால் ‘மெட்ராஸ்’ என்ற பதில்தான் வரும். அது கப்பல் ஏறிய துறைமுகம், சொந்த ஊர் அல்ல. புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று சொல்லும் குடும்பங்களிலும் இதே குழப்பம் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நடந்துபோய்க் காரைக்காலில் கப்பலேறியவர் காரைக்கால்காரர் ஆகிவிடமாட்டார். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். குலதெய்வம் எது, முடியிறக்க எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள், பாட்டி திட்டும்போதோ தாலாட்டும்போதோ எந்த ஊர்ப் பெயர் வரும், யார் யாரைப் பங்காளி என்பார்கள், யார் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். பதில்களை அவர்கள் வாயில் வந்தபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ‘சரியான’ உச்சரிப்புக்குத் திருத்தாதீர்கள். தேய்ந்த ஊர்ப் பெயரில்கூட ஓர் எழுத்து உண்மையாக இருக்கும்.

குடும்பக் கதையைக் காலத்தோடு உரசிப் பார்ப்பது

எந்த நாட்டுக்குப் போனார் என்பது தெரிந்துவிட்டால், எந்த ஆண்டுகளில் தேடவேண்டும் என்பதை வரலாறே பாதி சொல்லிவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் தவறான பட்டியலைப் புரட்டுகிறவர்கள் அதிகம்.

நேட்டாலுக்கு, அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலுக்கு, முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக. ஆனால் 1866 முதல் 1874 வரை ஆள் ஏற்றுவது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே ‘கொள்ளுப்பாட்டன் 1870இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்’ என்று வீட்டில் சொன்னால், ஆண்டு தவறு, அல்லது அவர் வேறு தீவிலிருந்து வந்தவர்.

ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,965 பேர் கொண்டுபோகப்பட்டனர். ஆனால் சென்னையிலிருந்து கப்பல் கிளம்பத் தொடங்கியது 1903இல்தான். தமிழ் முன்னோரைத் தேடுகிறவர் முந்தைய 24 ஆண்டுக் கல்கத்தாக் கப்பல்களை ஒதுக்கி வைத்துவிட்டு 1903க்குப் பிந்தைய பயணங்களோடு தொடங்கலாம். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்கு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கும் ஒப்பந்தம் 1860இல் கையெழுத்தானது, 1882இல் பிரிட்டிஷார் அதை நிறுத்தினர். மொரீஷியஸில் ஒப்பந்த முறை 1834இல் தொடங்கியது. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைப் போர்ட் லூயிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் ஒப்பந்தப் பதிவேட்டில் வரமாட்டா.

நேட்டாலில் சொந்தச் செலவில் வந்து கடை வைத்தவர்களும் கப்பல் பட்டியலில் இல்லை. ‘பட்டியலில் பெயரே இல்லை’ என்பது சிலருக்குத் தோல்வி அல்ல, பாட்டனார் வேறு வகையில் வந்தார் என்பதற்கான தடயம்.

எண் எங்கே கிடைக்கும்

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் வந்த வரிசையில் ஓர் எண் தரப்பட்டது. பதிவேட்டில் அதற்குக் காலனி எண் என்று பெயர். கைக்குழந்தைக்கும் உண்டு. அந்த எண் அவர் சாகும்வரை கூடவே வந்தது. ஒப்பந்தச் சீட்டில், திருமணப் பதிவில், இறப்புப் பதிவில், அங்கே பிறந்த பிள்ளைகளின் பதிவில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் என்று எல்லா இடத்திலும் அதைப் பார்க்கலாம். பழைய பிறப்புப் பத்திரத்தில் பெயருக்கு அருகே அர்த்தம் புரியாத ஐந்தாறு இலக்கம் கிறுக்கியிருந்தால் அதைப் பத்திர எண் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் தேடுவது அதுதான்.

எண் கைவசம் இல்லையென்றால் பிற்காலத்திலிருந்து பின்னோக்கி வரவேண்டும். ஃபேமிலிசர்ச் தளத்தில் நேட்டாலின் இறப்புப் பதிவேடுகளும், இறந்தவர் சொத்துக் கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ‘மரண அறிவிப்பு’ என்றொரு படிவம் உண்டு. அது மரணச் சான்றிதழ் அல்ல, சொத்தைப் பிரிப்பதற்காக உறவினர் எழுதிக் கொடுப்பது. பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அதில் வரிசையாக இருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் யார் என்று கடைசி வரியைப் பாருங்கள். மகன் சொன்ன தகவலும் மருமகனின் அண்ணன் சொன்ன தகவலும் ஒரே எடை உள்ளவை அல்ல. கோப்பு எண்ணைத் தேட தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகளுக்கு அங்கே தனிக் குறியீடு உண்டு.

எண் கிடைத்தபின், டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் தொகுத்த கப்பல் பட்டியலுக்குப் போகலாம். அதில் ஒரு வரியை இடமிருந்து வலமாக வாசித்துப் பார்ப்போம். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், கப்பல், புறப்பட்ட துறைமுகம், சேர்ந்த தேதி. சில வரிகளின் கடைசியில் எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார், எப்போது இறந்தார், எந்தக் கப்பலில் ஊர் திரும்பினார் என்ற குறிப்பும் இருக்கும்.

உங்கள் ஆளின் வரியோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே பத்து, கீழே பத்து வரிகளையும் வாசியுங்கள். குடும்பமாக வந்தவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்துத்தான் தரப்பட்டன. மனைவி, பிள்ளை, தம்பி, மாமியார் எல்லோரும் அங்கேதான் ஒட்டி நிற்பார்கள். தனியாக வந்ததாக நினைத்த பாட்டனுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது இப்படித்தான் தெரியவரும். ஒரே கிராமத்திலிருந்து அதே கப்பலில் ஐந்து பேர் வந்திருந்தால் அந்த ஊர்ப் பெயரின் சரியான வடிவத்தையும் அந்த ஐந்து வரிகளை ஒப்பிட்டு எடுத்துவிடலாம், ஏனென்றால் எழுத்தர் ஐந்து தடவையும் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருக்கமாட்டார்.

சாதிப் பத்தியை எச்சரிக்கையோடு பாருங்கள். ‘மலபார்’ என்று இருந்தால் மலையாளி என்று பொருளல்ல. அந்தக் காலத்து எழுத்தர்கள் தமிழரைத்தான் அப்படி எழுதினார்கள். தெலுங்கரை ‘ஜென்டூ’ என்றார்கள். சாதியையும் பெயரையும் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஊரைவிட்டு ஓடிவந்தவருக்கு அதற்கான காரணம் இருந்தது. வயதும் பார்த்துப் போட்ட மதிப்பீடுதான், 20, 25, 30 என்று முழு எண்களாகக் குவிந்திருக்கும். பிறந்த ஆண்டில் ஐந்து ஆண்டு முன்பின் இடம் விட்டே தேடுங்கள்.

ஃபிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு சீட்டு, தகப்பன் பெயரும் நெருங்கிய உறவினர் பெயரும் உயரமும் உடல் அடையாளமும் உட்பட. மொரீஷியஸில் மோக்கா என்ற இடத்தில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தியக் குடியேற்ற ஆவணங்களைப் பாதுகாக்கிறது. 1860களிலிருந்து எடுக்கப்பட்ட தொழிலாளர் புகைப்படங்களும் அங்கே உண்டு. முகத்தையே பார்க்கும் வாய்ப்பு உலகில் மிகச் சில தொழிலாளர் குடும்பங்களுக்குத்தான் அமைகிறது. அங்கே வெறும் பெயரோடு போய் நின்றால் பலன் குறைவு. பிறப்பு, திருமணப் பத்திரங்களை ஒரு தலைமுறைக்கு ஒன்றாகப் பின்னோக்கிச் சேர்த்து, குடியேறியவரின் எண் வரும் பத்திரம் வரை போய்விட்டு விண்ணப்பியுங்கள்.

பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் நல்லது. பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அங்கேயே உள்ளன. பெயரைத் தட்டித் தேட முடியாது. பிரதேசம், ஊர், ஆண்டு என்று தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரித்த அகரவரிசை அட்டவணை ஒன்று உண்டு. அதை முதலில் திறந்து தேதியைப் பிடித்துக்கொண்டு பிறகு மூலப் பதிவுக்குப் போனால் வாரக்கணக்கு வேலை ஒரு மாலையில் முடியும். அங்கும் தொழிலாளரின் பெயருக்குப் பக்கத்தில் ‘மத்ரிக்யூல்’, அதாவது பதிவு எண், எழுதியிருப்பார்கள்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொண்டார்கள். அந்தத் துறவுப் பத்திரத்தில்தான் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றாக இருக்கும். அந்தக் கண்ணி இல்லாமல் 1881க்கு முன்னால் போக முயல்வது இருட்டில் தேடுவது.

பெயரைத் தேடித்தான் ஆகவேண்டும் என்றால்

எண் கிடைக்காதவரை பெயரோடு மல்லுக்கட்டித்தான் ஆகவேண்டும். அதற்கு முன் ஒரு விஷயம் புரியவேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் இன்று குடும்பப் பெயராக இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கவுண்டர், முதலி, நாயுடு, பிள்ளை, நாயக்கர், படையாச்சி போன்ற பட்டம் ஒரு வகை. முதலில் வந்தவரின் சொந்தப் பெயரோ அவர் தகப்பன் பெயரோ அப்படியே உறைந்துபோனது இன்னொரு வகை. இரண்டாவது வகையானால், இன்றைய குடும்பப் பெயரை எடுத்து முதற்பெயர்க் கட்டத்தில் போட்டுத் தேடுங்கள், குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இந்த ஒரு மாற்றமே பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த தேடலைத் திறந்துவிடும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். நம் ககரம் ஆங்கிலத்தில் கே, சி, ஜி, எச் என நான்காகப் பிரியும். உகரத்தை ஆங்கில எழுத்தர் இரட்டை ஓ போட்டும் பிரெஞ்சு எழுத்தர் ஓ-யூ சேர்த்தும் எழுதுவார். ழகரத்துக்கு எல், இசட்-எச், ஆர் எதுவும் வரலாம். வம்சாவளித் தளங்கள் இப்படிப்பட்ட வேறுபாடுகளைச் சமாளிக்க ஒலிக்குறியீட்டு முறைகளை வைத்திருக்கின்றன. அவற்றின் தாய் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ். அது முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற உயிரெழுத்துகளை நீக்கி, மெய்யெழுத்துகளை மூன்று இலக்கமாக மாற்றும்.

கந்தன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கே போட்டு எழுதினால் கே-535. சி போட்டால் சி-535. ஜி போட்டால் ஜி-535. இலக்கம் மூன்றிலும் ஒன்றுதான், ஆனால் முதலெழுத்து வேறு என்பதால் இயந்திரத்துக்கு அவர்கள் மூன்று மனிதர்கள். பழனியை எல் போட்டு எழுதினால் பி-450, இசட்-எச் போட்டு எழுதினால் பி-250. ஒருவரைத் தேடினால் மற்றவர் வரவேமாட்டார். மாறாக, முத்து என்பதை எப்படி எழுதினாலும் எம்-300தான். அவருக்குக் கவலையில்லை.

ஆகவே தானியங்கிப் பொருத்தத்தை நம்பாமல் கேள்விக்குறியையும் நட்சத்திரக் குறியையும் பயன்படுத்துங்கள். கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பதில், நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும் பதில். ஆன்செஸ்ட்ரியில் குறைந்தது மூன்று உண்மையான எழுத்துகள் இருக்கவேண்டும், முதலெழுத்தோ கடைசி எழுத்தோ குறியீடாக இல்லாமல் இருக்கவேண்டும். எனவே கந்தனுக்கு கே, கேள்விக்குறி, என், டி, நட்சத்திரம் என்று ஒருமுறை. அதையே சி போட்டு ஒருமுறை, ஜி போட்டு ஒருமுறை. ஆக மூன்று தேடல். ஆறுமுகம், வைத்தியலிங்கம் போன்ற நீண்ட பெயர்களில் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் அழியாமல் நிற்கும் மெய்யெழுத்துகளைப் பிடியுங்கள்.

ஃபேமிலிசர்ச்சில் இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. தேடல் பெட்டியில் வரவில்லை என்றால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அமைப்பு 1938 முதல் மைக்ரோஃபில்ம் எடுத்து வந்தது. 24 லட்சம் சுருள்களை ஸ்கேன் செய்து முடித்தது 2021இல். அவற்றில் பெயர் அட்டவணை போடப்பட்டது ஒரு பகுதிதான். மீதி வெறும் படங்களாகக் கிடக்கின்றன. ‘படங்கள்’ அல்லது ‘கேட்டலாக்’ பகுதியில் இடத்தின் பெயரைக் கொடுத்து, ஆண்டைப் பிடித்து, கையால் புரட்டவேண்டும். கேமரா சின்னத்தின்மேல் சாவி இருந்தால் அதை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, அவர்களின் மையத்துக்கு நேரில் போகவேண்டும் அல்லது வேறு கட்டுப்பாடு இருக்கும்.

எண்ணே இல்லாதவர்கள்

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி மூலம், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோன மேஸ்திரி மூலம், போனவர்களின் நிலை வருத்தத்துக்குரியது. எண்ணிக்கையில் அவர்களே மிகப் பெரிய கூட்டம், ஆனால் ஆளுக்கொரு வரி எழுதிய கப்பல் பட்டியல் அவர்களுக்கு இல்லை. கங்காணியின் துண்டுச் சீட்டில் கடன் தொகை இருந்தது, கொடிவழி இல்லை.

இலங்கை மலையகத்தில் தோட்டத்தின் பெயர்தான் எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது. பிறப்புப் பத்திரத்தில் தோட்டமும் டிவிஷனும் இருக்கும். அதை வைத்து அந்த மாவட்டக் கச்சேரியில் மூத்த பிள்ளைகளின் பதிவுகளைக் கேட்கலாம். தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் தமிழில் வேறொரு பெயரும் வழங்குவதால், வீட்டில் சொல்லும் பெயர் பதிவேட்டில் இருக்காது. பழைய ஃபெர்குசன் டைரக்டரிகளில் தோட்டங்களின் பட்டியலும் துரைமார் பெயர்களும் உள்ளன, சில ஆண்டுகளுக்கானவை ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன.

அதைவிட முக்கியமானவை குடியுரிமைக் காகிதங்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1949 சட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறோம் என்று நிரூபிக்கக் குடும்பங்கள் தேடிச் சேர்த்த சான்றுகள் அந்தக் கோப்புகளில் போயின. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானபின் தமிழ்நாடு திரும்பியவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும். நகல் எடுத்து வையுங்கள். அந்த அட்டையைத் தொலைத்த குடும்பம் மூன்று தலைமுறைக்கான ஆதாரத்தைத் தொலைத்ததற்குச் சமம்.

மலாயாவில் 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவுக்கு முந்தைய காலம் மெல்லிய நூல்தான். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் 1942-43இல் செத்துப்போன தமிழர்களில் பெரும்பாலோருக்கு இறப்புப் பதிவு கிடையாது. ‘காணாமல் போனார்’ என்று குடும்பம் சொன்னால் பதிவேட்டில் தேடி ஏமாறவேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைப் படிக்கலாம். மரணச் செய்தி, நன்கொடைப் பட்டியல், திருமண அறிவிப்பு ஆகியவற்றில் சொந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துப் போடுவது அந்தக் கால வழக்கம்.

மரத்தில் ஏற்றும்போது

ஃபேமிலிசர்ச்சில் உலகம் முழுமைக்கும் ஒரே மரம். யாரும் யாருடைய பதிவையும் மாற்றலாம். ஆன்செஸ்ட்ரியில் அவரவர் மரம் அவரவருக்கு, ஆனால் ‘குறிப்பு’ என்று வரும் ஆலோசனைகளை ஒரே அழுத்தில் ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. நேட்டாலுக்கு முனியம்மா என்ற பெயரில் எத்தனை பெண்கள் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் தவறாக இணைத்த முனியம்மாவை இருபது பேர் படியெடுப்பார்கள். பிறகு இருபது மரங்கள் ஒத்துப்போவதே சான்றாகிவிடும். எண், கப்பல், தகப்பன் பெயர், முதலாளி ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போகாதவரை இணைக்காதீர்கள்.

அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் மகன், அப்பா, தாத்தா மூவருக்கும் வெவ்வேறு குடும்பம் என்று தளம் நினைத்துக்கொண்டு தவறான பொருத்தங்களைக் கொண்டுவரும். முதன்மைப் பெயரைத் தமிழில் எழுதுங்கள், பதிவேட்டில் கண்ட ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் மாற்றுப் பெயராக அடுக்குங்கள்.

ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மரத்தைக் கொண்டுபோக ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் பயன்படுகிறது. பழைய மென்பொருள்கள் அதை ‘ஆன்செல்’ என்ற பழைய எழுத்துக் குறியேற்றத்தில் சேமிக்கும். அதில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப மீட்கவே முடியாது. ஏற்றுமதி செய்யும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2021இல் வந்த 7.0 பதிப்பில் யூடிஎஃப்-8 மட்டுமே உண்டு.

டிஎன்ஏ சோதனை சொல்வதும் சொல்லாததும்

‘தென்னிந்தியா 98 சதவீதம்’ என்று வரும் வண்ணப் படத்தால் ஊர் தெரியாது. பயன்படுவது உறவினர் பொருத்தப் பட்டியல் மட்டுமே. அதில் பகிர்வை சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் சராசரியாக 866, அவர்களுடைய பிள்ளைகள் தங்களுக்குள் 229, அதற்கடுத்த தலைமுறை 73 என்பது பெரும்பாலும் மேற்கத்தியத் தரவுகளிலிருந்து எடுத்த கணக்கு.

நமக்கு இது அப்படியே பொருந்தாது. அத்தை மகள், மாமன் மகள், சில குடும்பங்களில் அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்தவர்களின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று வழிகளில் உறவு. பகிர்வு கூடுதலாகத் தெரியும். நான்காம் தலைமுறை உறவினரை இரண்டாம் தலைமுறை என்று தளம் சொல்லும். ஆகவே மொத்தத்தைவிட மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 100 இருந்தும் அது பத்துப் பன்னிரண்டு சிறு துண்டுகளாகச் சிதறியிருந்தால் தொலைதூர உறவு பலமுறை பின்னியது என்று பொருள். இரண்டு மூன்று நீண்ட துண்டுகளாக இருந்தால் நெருங்கிய பொது முன்னோர் உண்டு. சொந்த ஊரில் இருப்பவர்கள் சோதனை செய்துகொண்டது குறைவு என்பதால், பொருந்தி வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு தீவுகளுக்குப் போன கிளையினராகவே இருப்பார்கள்.

எச்சிலைக் கொடுக்குமுன் அதன் பின்விளைவையும் நினையுங்கள். 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023இல் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கோரியது. உங்கள் டிஎன்ஏ உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளின் தகவலும்கூட. வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூலத் தரவை இறக்கிக்கொண்டபின் மாதிரியை அழிக்கச் சொல்லும் விருப்பம் ஒவ்வொரு தளத்திலும் அமைப்புப் பகுதியில் இருக்கும்.

கிராமத்தைக் கண்டுபிடிப்பது

ஜில்லா, தாலுகா, கிராமம் கிடைத்துவிட்டது என்றால் பாதித் தூரம்தான். அந்த ஜில்லா இன்று இல்லை. பழைய தென்னாற்காடு இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. தஞ்சாவூர் என்றால் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையும் சேர்ந்தது. சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லையும் பாருங்கள். வடாற்காடு மிகவும் ஏமாற்றும். 1911இல்தான் அதிலிருந்து சித்தூர் மாவட்டம் பிரிந்தது. அதற்கு முந்தைய பதிவில் உள்ள வடாற்காட்டுக் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

தாலுகா பெயர் இல்லாமல் புதூர், நல்லூர், பாளையம் போன்ற ஊர்களைத் தேடவே முடியாது, மாவட்டத்துக்குப் பல உண்டு. தாலுகா இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலை எடுத்து, எழுத்தரின் எழுத்துக்கூட்டலை வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஒவ்வொரு ஊராக ஒப்பிடுங்கள். கண்ணால் தேடினால் கிடைக்காது, காதால் தேடவேண்டும். எழுத்தரும் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்.

தமிழ்நாட்டின் பட்டா, சிட்டா விவரங்களும் வில்லங்கச் சான்றும் இணையத்தில் கிடைப்பதால் பலர் அங்கே ஓடுகிறார்கள். நிலம் இருந்த குடும்பத்துக்கு அது உதவும். ஆனால் கப்பலேறியவர்களில் மிகப் பலர் நிலமற்றவர்கள். இணையத்தில் வில்லங்கச் சான்றும் பெரும்பாலும் 1975க்குப் பிந்தையதே. கிறிஸ்தவக் குடும்பமானால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கும். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷன் காலத்திலிருந்தே பதிவு எழுதும் பழக்கம் உண்டு.

வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (ஓசிஐ) அட்டைக்காகத் தேடுகிறவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். தளத்தில் வரைந்த மரத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு அல்லது திருமணப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வேண்டும், பெயர் மாறிய இடத்தில் அந்த மாற்றத்தை விளக்கும் ஆவணம் வேண்டும். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை தகுதி உண்டு என்று 2024இல் அறிவித்தபின் அங்கே எண்ணைத் தேடும் வேலைக்குப் புது வேகம் வந்திருக்கிறது.

ஊருக்கு நேரில் போகிறவர்கள் பெயரைச் சொல்லி விசாரிக்கவேண்டாம். 1890இல் போன ராமசாமியை இன்று யாருக்கும் தெரியாது. குலதெய்வக் கோயிலின் பூசாரியிடமும், ஊரில் வயதான பெண்களிடமும், ‘இந்தச் சாமியைக் கும்பிடும் வகையறாவில் யாராவது கப்பலேறிப் போய்த் திரும்பாமல் இருந்தார்களா’ என்று கேளுங்கள். கையில் பட்டியலின் அந்த ஒரு வரி, தகப்பன் பெயர், கூட வந்தவர்களின் பெயர்கள், போன ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய ஒற்றைத் தாள் இருக்கட்டும். தகப்பன் பெயரை மறக்காமல் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். போனவரின் பெயரை ஊர் மறந்திருக்கும். அவருடைய அப்பாவின் பெயரை ஊரில் தங்கிவிட்ட அண்ணனின் பேரப்பிள்ளை ஒருவர் இன்னும் வைத்துக்கொண்டிருக்கலாம்.